வாசற்சொல்லும் அடுப்படிச் சொல்லும்
கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் கிறிஸ்மஸ் வழக்குச் சொற்கள்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்



தலைப்பைக் கேட்டதும் நண்பர் ஒருவர், "இதில் பேச என்ன இருக்கிறது? கிறிஸ்மஸ் என்றால் கிறிஸ்மஸ்தானே" என்றார். அவர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர், இந்து. பக்கத்து வீட்டுப் பலகாரத்தைச் சின்ன வயதிலிருந்து தின்றவர். வாசலில் நின்று தட்டை வாங்கிக்கொண்டவருக்கு அது ஒரே சொல்லாகத்தான் தெரியும். அடுப்படிவரை போனவருக்குத்தான் அங்கே நாலைந்து ஊர்கள் ஒன்றாகப் புகைந்துகொண்டிருப்பது தெரியும். இன்று நான் சொல்ல வந்தது இந்த வேறுபாட்டைத்தான். வாசலில் புழங்கும் சொற்கள் இந்தப் பள்ளத்தாக்கில் சீக்கிரமே ஒன்றாகிவிட்டன, அடுப்படியிலும் கோயிலிலும் புழங்குபவை பிறந்த ஊரை விடவில்லை. எந்த வீடு வாசலுக்கு எவ்வளவு தூரம் வந்தது என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் அந்த வீட்டின் உத்தியோகமும் பள்ளிக்கூடமும்.

நாம் பேசுவது சிறிய கூட்டத்தைப் பற்றி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள், கிறிஸ்தவர் 6 பேர். அந்த ஆறு பேரிலும் மலையாளிகள் உண்டு, தெலுங்கர் உண்டு. மிச்சமிருக்கும் தமிழரும் ஒரே கப்பலில் வந்தவர்கள் அல்லர்.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றுப்பக்கம் புக்கிட் கூடா வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் வந்தால் கணக்கெழுத ஆள் வேண்டும், டிக்கெட் கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1816இலிருந்தே அமெரிக்க மிஷன் பள்ளிகள் நடந்துவந்தன. அங்கே படித்த பிள்ளைகள் கடல் கடந்து வந்து கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அமர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரொசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் வரிசையாக நின்று, நம் கண்முன்னே இடிபட்டுப்போன 'நூறு குவாட்டர்ஸ்' என்ற அரசாங்கக் குடியிருப்பு அவர்கள் காலத்து உலகம். அதே காலத்தில் கிள்ளானைச் சுற்றிய ரப்பர் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். கங்காணி தன் ஊராரையும் உறவுமுறையையும்தான் முதலில் அழைப்பான். அதனால் ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைவீடுகளில், பேசும் தமிழ் அப்படியே ஒரு கிராமத்தின் தமிழாக இருந்ததுண்டு. அந்த லயங்களின் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். இன்னொரு பக்கம் தரங்கம்பாடி, தஞ்சாவூர் வழியில் வந்த லூத்தரன்மார். பிரிக்பீல்ட்ஸ் சியோன் ஆலயம் அவர்கள் கட்டியது. மெதடிஸ்டுகள் தனி, ஆங்கிலிக்கர் தனி.

இத்தனை பேருக்கும் டிசம்பர் 25 ஒன்றுதான். அந்த நாளின் பெயரோ ஒன்றல்ல.

தோட்டத்து வீடுகளில் அது 'கிறிஸ்மஸ்'. அச்சில் மட்டும் 'து' சேர்ந்து 'கிறிஸ்துமஸ்' ஆகும். வாயில் அந்தத் 'து' நிற்பதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில், குறிப்பாகப் பழைய தலைமுறையில், அது 'நத்தார்'. போர்த்துக்கீசியர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். நாற்பது ஆண்டுகூட நிறையாத அந்த ஆட்சி விட்டுப்போன சொற்களில் அவர்களுடைய 'நத்தால்' ஒன்று. சிங்களத்தில் அது 'நத்தல்' என்று நிற்கிறது, தமிழில் 'நத்தார்' ஆயிற்று. கடைசியில் அந்த 'ஆர்' ஒலி வந்து ஒட்டியதால் கேட்பவருக்கு யாரோ ஒரு பெரியவரை மரியாதையாகக் குறிப்பிடுவதுபோல் இருக்கும். நத்தார் வந்தார், நத்தார் போனார் என்று பிள்ளைகள் கேலி செய்ய வாகான சொல். பரிசு கொண்டுவரும் கிழவரை அங்கே 'நத்தார் பாப்பா' என்பார்கள். தமிழ்நாட்டு வழிவந்த பிள்ளைக்கு இதைவிடக் குழப்பம் வேறில்லை, ஏனென்றால் அவன் வீட்டில் பாப்பா என்றால் தொட்டிலில் கிடப்பது. அவனுக்கு அந்தக் கிழவர் 'கிறிஸ்மஸ் தாத்தா'.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. நத்தார் என்ற சொல்லைத் தோட்டத்துத் தமிழர் கேட்டுச் சிரித்திருக்கலாம், ஆனால் அதன் உடன்பிறப்பு இங்கேயே இருந்தது. 1511 முதல் 1641 வரை போர்த்துக்கீசியர் கையிலிருந்த மலாக்காவின் யுரேசியர்கள் தங்கள் கிறிஸ்தாங் மொழியில் இன்றும் 'போங் நத்தால்' என்றுதான் வாழ்த்துகிறார்கள். இந்தோனேசியாவில் 'நத்தால்' என்பது அரசாங்கச் சொல். மலேசிய மலாய் மட்டும் ஆங்கிலத்தைப் பின்பற்றி 'கிறிஸ்மஸ்' பக்கம் போய்விட்டது. ஆக, யாழ்ப்பாணத்து அம்மம்மாவும் மலாக்கா யுரேசியப் பாட்டியும் ஒரே சொல்லின் இரு பேத்திகள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமலே பக்கத்துப் பக்கத்துக் குவாட்டர்ஸில் குடியிருந்திருக்கலாம்.

கோயிலுக்குள் போவோம். 'கோயில்' என்று சொன்னதுமே நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன், ஏனென்றால் கிறிஸ்தவர்களில் பெரும்பாலும் கத்தோலிக்கர்தான் அப்படிச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது 'ஆலயம்', அவசரத்துக்கு 'சர்ச்'. வெளியிலிருந்து பார்க்கும் இந்துவுக்கு இரண்டுமே 'வேதக்கோயில்', உள்ளே போகிறவர்கள் எல்லாரும் 'வேதக்காரர்'. இந்த வேதக்காரர் என்ற சொல் யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் ஒன்றுபோல வழங்கியது. வெளியே இருப்பவர் வைக்கும் பெயர் எப்போதும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

கத்தோலிக்கருக்குக் கிறிஸ்மஸ் 'நடுச்சாமப் பூசை'யில் தொடங்கும். 1960களில் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. பிறகு அதன் பெயரும் 'திருப்பலி' ஆயிற்று. அறிவிப்புப் பலகையில் திருப்பலி, வீட்டில் பூசை என்று இரண்டும் சண்டையில்லாமல் இருக்கின்றன. லூத்தரன், மெதடிஸ்டு வீடுகளில் பூசை என்ற சொல்லே கிடையாது, அது 'ஆராதனை'. அவர்கள் வழியில் விடியற்காலை ஆராதனைக்குத்தான் பெருமை அதிகம். இந்த நேர வித்தியாசம் அடுப்படிவரை போகும். பூசை முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு வீடு திரும்புபவர் வீட்டில் சமையல் வேறு கணக்கு, நாலு மணிக்கு எழுந்து கிளம்புபவர் வீட்டில் வேறு கணக்கு.

நடத்திவைப்பவரின் பெயரும் அப்படியே. தோட்டத்துக் கத்தோலிக்கருக்கு அவர் 'சாமி', பிறகு 'பாதர்'. பழைய லூத்தரன் குடும்பங்களில் அவர் 'ஐயர்'. சீகன்பால்க் ஐயர் என்று சொல்லிப் பழகிய நாவு. இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. அவர்களுக்கு எல்லாரும் 'பாஸ்டர்'. கடவுளின் பெயரிலேயே வேலி இருந்தது. பழைய கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றும் 'சேசுநாதர்' என்றும் செபித்தார்கள். தரங்கம்பாடி வழியினருக்கு அவர் 'பராபரன்', பின்னால் 'தேவன்', 'கர்த்தர்'. புதுச்சேரியிலும் மலாக்கா மறைமாவட்டத்திலும் ஊழியம் செய்தது பாரிஸைச் சேர்ந்த ஒரே குருக்கள் சபை என்பதால், அங்கே கற்ற செபம் இங்கே சொல் மாறாமல் தொடர்ந்தது. கப்பல் ஏறினாலும் அந்தச் சொற்களுக்கு ஊர் மாறவில்லை.

'குடில்' கத்தோலிக்கச் சொல்லாகவே இருந்தது, யாழ்ப்பாணத்தில் 'பாலன் குடில்'. வைக்கோல் போட்டு, மாட்டையும் ஆட்டையும் வைத்து, பாலன் சுரூபத்தை மட்டும் நடுச்சாமம் வரைக்கும் ஒளித்துவைப்பார்கள். பழைய லூத்தரன் வீட்டில் சுரூபத்துக்கே இடமில்லை, அங்கே நட்சத்திரமும் மரமும்தான். இன்று எல்லார் வீட்டிலும் எல்லாம் இருக்கிறது, பேரங்காடியில் பெட்டியோடு விற்கிறார்கள். வீடு வீடாகப் பாடிப்போவதற்குத் திருநெல்வேலிச் சீமையில் 'பஜனை' என்றும் 'கேரல் ரவுண்ட்ஸ்' என்றும் பெயர். இலங்கையில் அது 'கரோல்', பள்ளிக்கூடங்களில் நடப்பது 'ஒளிவிழா'. இங்கே நமக்கு 'கேரலிங்'.

இனி அடுப்படி. நான் வேண்டுமென்றே இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் சண்டை சந்தைக்குப் போகும்போதே வரும். தோட்டத்து வழிக் குடும்பத்தில் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், "கறி வாங்கியாச்சா?" என்றால் ஆட்டிறைச்சி வாங்கியாயிற்றா என்று அர்த்தம். யாழ்ப்பாணத்து வீட்டில் "கறி" என்றால் சமைத்து முடித்த எதுவும் கறி: கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி. வாங்குவது 'இறைச்சி'. இரு வழியிலிருந்தும் வந்த மாமியார் மருமகள் ஒரே சமையலறையில் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மருமகள் "கறி இல்லீங்க அத்தை" என்பாள், மாமியார் அடுப்பிலிருக்கும் நாலு சட்டியையும் திறந்து காட்டி, "இதெல்லாம் என்ன பிள்ளை?" என்பார். ஆனால் சட்டியில் வற்றவிட்டு எடுக்கும் கோழிக்கு வரும்போது இருவரும் சமாதானம். யாழ்ப்பாணத்திலும் அது 'பிரட்டல்', இங்கே கோலாலம்பூர் உணவகப் பலகையிலும் 'பெரட்டல்'.

துணியும் அப்படித்தான். ஒரு வீட்டில் 'புதுத்துணி எடுப்பார்கள்', இன்னொரு வீட்டில் 'புது உடுப்புத் தைக்கக் கொடுப்பார்கள்'. இதில் சொல் மட்டும் வேறல்ல, வருமானமும் வேறு. தையற்காரரிடம் அளவு கொடுத்துக் காத்திருக்க மாதச் சம்பளம் வேண்டும். கிள்ளான் கடைத்தெருவில் தொங்குவதை எடுத்துப் போட நாட்கூலி போதும்.

பலகாரத்துக்கு வந்தால்தான் உண்மையான புதையல். பாசிப்பயற்றை வறுத்து அரைத்து, சர்க்கரையும் தேங்காயும் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்து எடுப்பது ஒரு பலகாரம். நாகர்கோவில், திருநெல்வேலிக்காரருக்கு அது 'முந்திரிக்கொத்து'. முந்திரிப்பருப்பு ஒன்றுகூட அதில் கிடையாது. எண்ணெயில் போடும்போது இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக வரும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் அதையே 'பயற்றம் பணியாரம்' என்பார்கள். கைப்பக்குவத்தில் சிறு வேறுபாடு இருக்கலாம், அடிப்படை ஒன்றுதான். தோட்டத்தில் வளர்ந்த பெரும்பாலோருக்கு இரண்டு பெயரும் தெரியாது. அவர்களுக்குக் கிறிஸ்மஸ் பலகாரம் என்றால் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை, பிறகு அச்சு முறுக்கு. தீபாவளிக்குப் பக்கத்து லயத்தில் சுட்டதையே டிசம்பரில் இவர்கள் சுட்டார்கள். பலகாரத்துக்கு மதம் பிரிக்கும் வசதி தோட்டத்தில் கிடையாது.

அச்சு முறுக்கின் பெயர்களைப் பாருங்கள். அச்சைக் காய்ச்சி, மாவில் தோய்த்து, எண்ணெயில் உதறி எடுப்பது. தமிழ்நாட்டார் முறுக்கே அல்லாத அதை அச்சால் பெயரிட்டார்கள். மலையாளிக்கு அது 'அச்சப்பம்', சிங்களருக்கு டச்சுக்காரர் வழியாக வந்த 'கொக்கிஸ்', ஆங்கிலோ இந்தியருக்கு 'ரோஸ் குக்கீஸ்'. மலாய்க்காரரோ ஒரே பண்டத்துக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள்: அச்சை நினைத்தால் 'கூய் லோயாங்', பூவை நினைத்தால் 'கூய் ரோஸ்', உதறும் கையை நினைத்தால் 'கூய் கோயாங்'. இந்த மூன்றாவதுதான் எனக்குச் சரியான பெயராகப் படுகிறது. சுட்டுப் பார்த்தவர் வைத்த பெயர் அது.

கேக்கிலும் இதே கதை. யுரேசியர் வீட்டு 'சுகி கேக்' இப்போது தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் பாதிக்குமேல் வந்துவிட்டது. சுகி என்பது வடஇந்தியர் சொல்லும் சூஜிதான், நம் ரவை. உப்புமா கிண்டும்போது ரவை என்கிற அதே பெண்மணி கேக் செய்யும்போது சுகி என்பார். இலங்கை வழி வீடுகளில் 'லவ் கேக்' என்று ஒன்று உண்டு, அதற்கும் அடிப்படை ரவைதான். அங்கே பெயர் ஏன் காதலுக்குப் போனது என்று யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். நான் எதையும் நம்புவதில்லை.

காலையில் 'பசியாற' என்ன? இந்த ஒரு சொல்லில்தான் இந்நாட்டுத் தமிழர் அனைவரும் ஒன்று. காலையுணவை 'பசியாறுதல்' என்று சொல்வது தனி அழகு. தட்டில் இருப்பது ஆப்பமா, யாழ்ப்பாணத்து அப்பமா, இடியாப்பமா, இடியப்பமா என்பது குடும்பத்தைப் பொறுத்தது. பிள்ளை மட்டும் இடியாப்பத்தைப் 'புத்து மாயாம்' என்று கேட்கும், மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருபவரிடம் வாங்கித் தின்ற பழக்கம்.

இனி வாசலுக்கு வருவோம். வந்தவர்களை உட்காரவைத்துச் சோறு போடுவதற்கு இந்தக் குடும்பங்கள் எல்லாம் இன்று ஒரே சொல்லைத்தான் சொல்கின்றன: 'ஓப்பன் ஹவுஸ்'. பத்திரிகைகள் அதைத் 'திறந்த இல்ல உபசரிப்பு' என்று எழுதும். யாரும் யாரையும் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் திறந்த இல்ல உபசரிப்புக்கு வாங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காசு 'அங்பாவ்'. ஹொக்கியன் மொழியில் அதற்குச் சிவப்பு உறை என்று பொருள். நம் வீடுகளில் அது ஊதா நிறத்திலும் பச்சை நிறத்திலும் வந்தாலும் பெயர் சிவப்பு உறைதான். பண்டிகை என்ற பொதுச் சொல்லும், திருநாள் என்ற கத்தோலிக்கச் சொல்லும் வாசலில் 'பெருநாள்' ஆகிவிடும். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், கிறிஸ்மஸ் பெருநாள் என்று இந்நாட்டுத் தமிழர் எல்லாருடைய பண்டிகையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள்.

ஏன் இந்தச் சொற்கள் வென்றன? இவை தமிழருக்குள் எந்தத் தரப்பின் சொல்லும் அல்ல என்பதே காரணம் என்று நினைக்கிறேன். நத்தார் என்றால் யாழ்ப்பாணத்தார் என்று தெரிந்துவிடும். பூசை என்றால் கத்தோலிக்கர், ஐயர் என்றால் லூத்தரன். வாய் திறந்ததும் ஊரும் சபையும், கேட்பவர் காது கூர்மையென்றால் சாதியும் வெளியே வந்துவிடும் காலத்தில், ஹொக்கியனும் மலாயும் ஆங்கிலமும் பாதுகாப்பான சொற்கள். அங்பாவ் என்று சொன்னால் உன் தாத்தா கங்காணியா, கிராணியா, பால்மரம் வெட்டினவரா என்று எவருக்கும் தெரியாது.

முதலில் வாசலுக்கு வந்தவர்கள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனவர்கள். ரயில்வே உத்தியோகக் குடும்பங்களில் இரண்டாம் தலைமுறையே 'மிட்நைட் மாஸ்', 'பிரசன்ட்', 'டர்க்கி' என்று பேசத் தொடங்கிவிட்டது. ஒரே பங்குக்கோயிலில் 'தமிழ்ப் பூசை', 'இங்கிலீஷ் பூசை' என்று நேரம் பிரித்தபோது குடும்பமும் பிரிந்தது. பாட்டி ஒன்றுக்கு, பேரன் மற்றொன்றுக்கு. இது மொழிப் பிரிவினை என்று சொல்லிக்கொள்வோம். வெளியே நிற்கும் கார்களைப் பார்த்தால் வேறு பிரிவினையும் தெரியும். தோட்டத்துக் குடும்பங்கள் சொற்களை அதிக காலம் வைத்திருந்தன. தமிழ்ப்பள்ளியும் லயமும் அவற்றைக் காத்தன. பிறகு தோட்டங்களே போயின. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமாயிற்று, புக்கிட் ராஜா குடியிருப்பாயிற்று. லயம் போனபின் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பலகாரம் சுடும் பத்துப் பெண்கள் ஒரே இடத்தில் இல்லை. அடுக்குமாடி வீட்டில் எண்ணெய்ப் புகை போக வழியில்லை. இப்போது பலகாரம் தெங்கு கிளானா சாலையிலும் துன் சம்பந்தன் சாலையிலும் பிளாஸ்டிக் ஜாடியில் வருகிறது. சுட்டவருக்குப் பெயர் தேவை, வாங்குபவருக்கு விலைதான் தேவை. 'அது ஒண்ணு, இது ஒண்ணு' என்று விரல் காட்டினால் போதும்.

அகராதிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2008இல் வந்த க்ரியா அகராதியின் இரண்டாம் பதிப்பு இலங்கை வழக்குச் சொற்களுக்குத் தனிக் குறியிட்டுத் தந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே யாழ்ப்பாணத்துச் சுவாமி ஞானப்பிரகாசர், ரயில்வேயில் கிராணியாக இருந்து குருவானவர், தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டார். நம் கிராணிகளும் ரயில்வேக்காரர்கள்தான். பெருநாள், பசியாறு, பெரட்டல், கித்தா (ரப்பர்), கம்பம் (கிராமம்) என்று நமக்கென்று குறியிட வேண்டிய சொற்கள் குறைவில்லை. 1956இலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. அங்கே ஒரு மாணவர் ஒரு டிசம்பர் மாதம் முழுக்கக் கிள்ளானிலும் செந்தூலிலும் அடுப்படிகளில் உட்கார்ந்து எழுதினால் நல்ல ஆய்வேடு கிடைக்கும். கேள்வித்தாளைக் கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் என் வேண்டுகோள். கேள்வித்தாளைக் கண்டால் எல்லாரும் வாசற்சொல்லைத்தான் சொல்வார்கள். மாவு பிசைந்து கொடுக்கத் தெரிந்த மாணவராக இருந்தால் நல்லது.

அப்படிப் போகிறவர் பழைய குவாட்டர்ஸ் குடும்பங்களோடு நின்றுவிடவும் வேண்டாம். இலங்கைப் போருக்குப் பிறகு ஏதிலிகளாக வந்து கோலாலம்பூரில் தங்கியிருக்கும் தமிழர்களிடமும் போக வேண்டும். அவர்களுக்கு இங்கே சட்டப்படி வேலை செய்ய உரிமை இல்லை. மூன்றாம் நாடு ஒன்று ஏற்கும்வரை உணவகத்திலும் கட்டடத்திலும் கிடைத்த கூலிக்கு உழைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் 'நத்தார் எப்ப வரும்?' என்றுதான் கேட்கிறார்கள். நூறாண்டுக்கு முன்பு இதே ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு அரசாங்கச் சம்பளமும் குவாட்டர்ஸும் இருந்தன. அவருடைய கொள்ளுப்பேரர்கள் இன்று இங்கிலீஷ் பூசைக்குப் போகிறார்கள்; நத்தார் என்றால் என்ன என்று அவர்களிடம் கேட்டால், கைப்பேசியை எடுத்துத் தேடுகிறார்கள்.